ஏழ்மைக்கு நான்கு காரணங்கள்

"ஏழைங்க ஏன் ஏழையாவே இருக்காங்க? விதியா, அரசாங்கமா, கூலி பத்தாததா, சோம்பேறித்தனமா?"

மாடி வீட்டுக் கதவைப் பாதி திறந்து நின்ற பெண்ணிடம் கருத்துக் கணிப்புக்காரர் கேட்டார்.

"சோம்பேறித்தனந்தான் சார்," என்றாள் பட்டென்று. "உடம்பு வளைஞ்சு வேலை செஞ்சா ஏன் கஷ்டம் வரப்போகுது?"

பணத்திமிர் பேசுகிறது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே குறித்தார். 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதப் போனவரைத் தடுத்தாள்.

"ஐயோ, வீட்டுக்காரம்மா இன்னும் எழுந்திரிக்கல. நான் பாத்திரம் தேய்க்கிறவ. காலையிலேர்ந்து இது அஞ்சாவது வீடு."

பேனா நின்றது. "அஞ்சு வீட்டுல வேலை பார்த்துட்டு நீங்களா சோம்பேறித்தனம்னு சொல்றீங்க?"

"வீட்டுக்காரம்மா எப்பவும் அதைத்தான் சொல்லுவாங்க. சரிதானே சார்? ஆறாவது வீட்டுக்கும் கூப்பிட்டாங்க. இடுப்பு வலிக்குதுன்னு நான்தான் போகல."