மூன்றாவது பிரஷ்

இக்கட்டடத்தார் எனக்கு வழங்கிய பெயர் 'இலக்கணம்'. வயது எழுபத்து மூன்று நிறைவுற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஏனையவை நானே தேடிப் படித்தவை. பிறர் பேச்சில் பிழை கண்டால் அவ்விடத்திலேயே திருத்திவிடுவேன். ஆகவே இப்பெயர்.

அத்தகைய நான் ஓர் அதிகாரியிடம் வாய் கூசாமல் பொய் சொன்ன வரலாறு இது.

அடுத்த தெருவில் ஒரு பால்கனி இடிந்து விழுந்தது. உடனே வாடகைக் கட்டடங்கள் அனைத்தையும் சோதிக்க ஆணை பிறந்தது. மூன்றாம் மாடியில் உள்ள எங்கள் அறைக்கு ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். பின்னாலேயே வீட்டுக்காரர்.

ஆய்வாளர் மேலே பார்த்தார். காரை உதிர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் பல்லை இளித்தன. சுவரில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினார். பிடி வரை இறங்கியது. சுவிட்ச் பெட்டியின் தகர மூடியில் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது.

"மூடியிலயே கரண்ட் வருதே! எப்படிம்மா சுவிட்ச் போடுறீங்க?"

"மரக்கரண்டியாலதான்" என்றாள் என் மனைவி.

"சரியாப் போச்சு. இங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ரெண்டே பேர் மேடம். ஒப்பந்தத்துலயே இருக்கு. மூணாவது ஆள் வந்தா அன்னைக்கே காலி பண்ணணும். பிள்ளைகுட்டித் தொந்தரவே கிடையாது."

"ஆம், இருவர்" என்று நானும் உறுதி கூறினேன்.

உண்மையில் நாங்கள் நால்வர். கணவனின் அடி தாங்காமல் ஏழு மாதங்களுக்கு முன் வந்து சேர்ந்த எங்கள் மகள். இங்கு வந்தபின் பிறந்த பேத்தி. எங்களை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. மேற்படி இருவரையும் விடிந்ததுமே மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டோம். தொட்டில், துணிமணி, பால்புட்டி யாவும் எதிர் அறையில் ஒளிந்திருந்தன.

ஆய்வாளர் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூணு பிரஷ் இருக்கே?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"அதுவும் என்னுடையதே அம்மா. ஒன்று காலைக்கு, ஒன்று மாலைக்கு."

"ஐயாவுக்குப் பல்லு எத்தனை இருக்கு?"

"பதினொன்று."

"பதினொரு பல்லுக்கு ரெண்டு ஷிப்டா?"

வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார்.

"தண்ணித் தொட்டியப் பார்க்கணும்" என்று ஆய்வாளர் மொட்டை மாடிக்குப் படியேறினார். முழங்கால் வலிக்காரரான வீட்டுக்காரர் உடன் ஏறாதது ஒன்றே ஆறுதல்.

பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்தவர், படிவத்தை உரக்கப் படித்தார்.

"குடியிருப்போர், நான்கு."

"இரண்டு, அம்மா! இரண்டு என்று எழுதுங்கள்!" வாழ்நாளில் முதன்முறையாக ஒருவரைக் கைகூப்பிக் கெஞ்சினேன்.

"பார்த்ததைத்தான் எழுதுவேன் ஐயா. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

வீட்டுக்காரர் கொதித்தார். "நாலா? பெரிய மனுஷன்னு நம்பினேனே! இந்த மாசக் கடைசிக்குள்ள மூட்டையைக் கட்டுங்க!"

மனைவி ஆய்வாளரின் வழியை மறித்தாள். "நாங்க உங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணோம்? ரெண்டுன்னு எழுதினா உங்க பேனா தேஞ்சா போயிடும்?"

அவர் பையை எடுத்துக்கொண்டு, விலகி வெளியேறினார்.

மகள் அழுதபடியே கீழே வந்தாள். "பேரு, எத்தனை மாசம், எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாங்கப்பா. பாப்பா பேனாவைப் புடிச்சு இழுக்குது, அப்பவும் விடல!"

அதன்பின் பன்னிரண்டு நாட்கள் எங்களில் எவரும் சரியாக உறங்கவில்லை. வீடு தேடி அலைந்தேன். கைக்குழந்தை என்றதும் கதவு சாத்தினர். பன்னிரண்டாம் நாள் மகள் ஒரு பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"என்னம்மா இது?"

"நான் அங்கேயே திரும்பிப் போயிடறேன்பா. எங்களால நீங்க ஏன் தெருவுல நிக்கணும்?"

"அடிக்கிற கைக்கேவா?" என்றாள் தாய். மகள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

அவ்வமயம் அந்த ஆய்வாளரை நான் வைத வசவில் இலக்கணம் அணுவளவும் இல்லை.

மறுநாள் காலை அவரே வந்தார். கதவில் ஓர் உத்தரவை ஒட்டிவிட்டு, மற்றொரு பிரதியை என் கையில் கொடுத்தார். உடன் வந்திருந்த வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

உரக்கப் படித்தேன்.

"மேற்படி அறை வசிக்கத் தகுதியற்றது. பழுதுகள் நீக்கப்படும் வரை, ஆய்வு நாளன்று பதிவான குடியிருப்போர் அனைவருக்கும் உரிமையாளர் தமது பொறுப்பில் மாற்று வீடு அளித்தல் வேண்டும். பணி முடிந்ததும் அவர்கள் இங்கு மீண்டும் குடியேறலாம். அவர்களுள் எவரையும் வெளியேற்றுதல் குற்றமாகும்."

கீழே நான்கு பெயர்கள். நான்காவதற்கு எதிரே, 'வயது ஐந்து மாதம்'.

மகள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மனைவி ஆய்வாளரின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஏம்மா, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? உங்களை எப்படியெல்லாம் திட்டிட்டோம்!"

"உத்தரவுல கையெழுத்து விழுற வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாதும்மா" என்ற ஆய்வாளர், என் பக்கம் திரும்பினார். "ஐயா சொன்ன மாதிரி ரெண்டுன்னு எழுதியிருந்தா, மாத்து வீடு உங்க ரெண்டு பேருக்குத்தான் கிடைச்சிருக்கும். உங்க பொண்ணும் பேத்தியும் இங்க இருந்ததுக்கே அத்தாட்சி இருந்திருக்காது."

நாங்கள் நால்வரும், ஒளிக்கவேண்டியவர் எவருமின்றி, மாற்று வீட்டின் வாசலைக் கடந்த நாள்: ஜூன் மாதம் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் பத்தரை மணி.