செலவு பூஜ்யம், சபாஷ்!

செருப்புக் கடைப் படியை விட்டு இறங்கிப் பத்தடி நடந்திருக்க மாட்டாள். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

'இதோட மூணாவது ஜோடி. இருக்கிறது ரெண்டு கால்தானே?'

தெரியாத எண். எதிர்ப்பக்கம் பைக்கில் சாய்ந்து நின்ற கறுப்பு ஹெல்மெட்காரன் ஒருவன், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இவள் பக்கமாகத் திரும்பினான். விழுந்தடித்து ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

யார் அவன்? இந்த போன் நம்பரே புதுசு. ஏதோ ஆஃபரைப் பார்த்து மயங்கி, பழைய நம்பரை விட்டுவிட்டு வாங்கியது. சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குக்கூடத் தெரியாத நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது?

"என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றான் புருஷன், லிப்ட் மெக்கானிக்.

"வெயில்" என்றாள். உண்மையைச் சொன்னால் செருப்பையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறார். இன்னும் இரண்டு மாதத்தில் காலி செய்தாக வேண்டும். புது வீட்டு அட்வான்ஸைச் சேர்க்கும் பொறுப்பு அவள் தலையில். "எனக்கு மிஷின்தான் தெரியும், கணக்கு வராது. நீ பாத்துக்க" என்று சம்பளத்தை அப்படியே அவள் கணக்கில் போட்டுவிடுகிற அப்பாவி அவன்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பேங்க் மெசேஜைப் படித்துத் தானாகவே செலவுக் கணக்கு எழுதும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றினாள். மாதம் முழுக்கக் கார்டைத் தேய்த்த பிறகும் 'செலவு பூஜ்யம், சபாஷ்!' என்று அது தட்டிக்கொடுத்தது. இன்னொரு ஆப்பும் அதையேதான் சொன்னது. எல்லாம் தண்டம் என்று இரண்டையும் அழித்தாள். பிறகு பணத்தைக் கவர் கவராகப் பிரித்து வைத்துப் பார்த்தாள். பார்லர் கவர் தீர்ந்ததும் அரிசிக் கவரில் கைவைத்தாள்.

மறுநாள் பேக்கரியில் கேக் டப்பாவோடு திரும்பினால், அடுத்த மெசேஜ்.

'பல் கிளினிக்ல வேலை. வாங்கறது இனிப்பா?'

டப்பா கை நழுவிக் கீழே விழுந்தது. வேலை செய்யும் இடம்கூடத் தெரிந்திருக்கிறதே!

"போலீஸ்ல சொல்லுடி" என்றாள் கிளினிக் நர்ஸ்.

"மெசேஜையெல்லாம் காட்டணுமேக்கா."

"காட்டேன்."

"எம் புருஷனும் பாப்பாரே!"

பிளாக் செய்யவும் பயம். செய்தால், அந்த ஆள் எங்கே நிற்கிறான் என்பதுகூடத் தெரியாமல் போய்விடும். ஏடிஎம்மில் பணம் எடுத்தால் 'இவ்வளவு எதுக்கு?' என்று வந்தது. தெருவில் எந்த ஹெல்மெட்டைப் பார்த்தாலும் எதிர்ப்பக்கம் ஓடினாள்.

கைப்பைக் கடையில் ஒருநாள் ஆசையாக ஒன்றை எடுத்து, கார்டை நீட்டப் போனவள், வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "வேணாம்" என்று போட்டுவிட்டு வந்துவிட்டாள். அன்று எந்த மெசேஜும் வரவில்லை. அதன் பிறகு கடைப் பக்கம் போகவே கால் வரவில்லை.

மாதக் கடைசியில் புருஷன் கேட்டான். "அட்வான்ஸ் ஏதாவது சேந்துச்சா?"

திட்டு வாங்கத் தயாராக ஏடிஎம்மில் இருப்பைப் பார்த்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தாள். அட்வான்ஸில் சரிபாதி இருந்தது!

சந்தோஷப்படக்கூட விடவில்லை அந்த போன்.

'நாளைக்கு கிளினிக்குக்கு வரேன். நேர்ல பேசணும். பயப்படாதீங்க.'

பயப்படாதே என்று ஒருவன் எழுதினால் பயப்படாமல் என்ன செய்வது? இரவு முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாள் கிளினிக் கதவு திறக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது.

கடைசியில் ஹெல்மெட் எதுவும் வரவில்லை. கண்ணாடி போட்ட, நரைத்த தலை அம்மா ஒருவர் குடையை மடக்கிக்கொண்டே வந்து எதிரில் நின்றார்.

"பல்லுல என்ன மேடம் பிரச்சினை?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு. மெசேஜ் போட்டது நான்தாம்மா."

"நீங்களா?" என்றாள் அவள்.

"நீ விட்ட பழைய நம்பரை போன் கம்பெனிக்காரன் என் ரெண்டாவது சிம்முக்குக் குடுத்துட்டான்; உனக்கு மெசேஜ் போட்டது என் முதல் சிம்லேர்ந்து. நீ பேங்க்ல மட்டும் நம்பரை மாத்தவே இல்ல. நீ கார்டு தேய்ச்சா, கடைப் பேரோட எனக்குத்தான் மெசேஜ் வருது. சம்பளம் போடற கிளினிக் பேரும் அதுலதான் வந்துச்சு."

"என் புது நம்பர்..."

"உங்க சித்தி மறந்துபோய் பழைய நம்பருக்குக் கூப்பிட்டாங்க. புது நம்பரை அவங்ககிட்டதான் வாங்கினேன். உனக்கு போன் பண்ணி 'பேங்க் கணக்கு'ன்னு ஆரம்பிச்சதுமே ஏமாத்துக்காரின்னு திட்டிட்டு வச்சிட்டே. எழுதினாலும் நம்பியிருக்க மாட்டே. நேர்ல வரலாம்னா முட்டி வலி, அன்னைக்கே கிளம்ப முடியல. ஆனா தினமும் நீ பண்ற செலவைப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருக்கவும் முடியல. முப்பது வருஷம் ஹாஸ்டல் வார்டனா இருந்த புத்தி."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அடுத்தவங்க கணக்கைப் பாக்கறது தப்பும்மா. வா, இப்பவே பேங்க்குக்குப் போய் நம்பரை மாத்திடலாம்" என்று வார்டன் குடையை எடுத்தார்.

அவள் பாய்ந்து வந்து அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ மேடம், இன்னும் ஒரே ஒரு மாசம் மிரட்டுங்க!"