பழைய ஷாக் அப்சார்பரின் பெருந்தன்மை

தனிஸ்லாஸின் பிக்கப் வண்டி பள்ளத்தில் விழுந்தால் தவளை மாதிரி குதிக்கும். பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்து வற்றி ரொம்ப நாளாகிவிட்டது. "என்னாலதான் வண்டிக்கு இந்தத் துள்ளல்" என்று அது துருப்பிடித்த நட்டிடம் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் தனிஸ்லாஸ் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டான்.

"விடாதடா, கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று அலறியது ஷாக்.

சுத்தியலால் நாலு அடி விழும்வரை பிடித்துப் பார்த்த நட்டு, "இனி உங்க பாடுண்ணே" என்று கழன்றுகொண்டது.

வண்டி உருளாமலிருக்க, கழற்றிய பழசை முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் புதுசை மாட்டினான் தனிஸ்லாஸ்.

"பார்த்தியா தம்பி, நான் இல்லேன்னா வண்டியே நிக்காது" என்று புதுசிடம் சொன்னது பழசு.

புதுசு வண்டியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. அதற்கு வேலை இருந்தது.

தனிஸ்லாஸ் பழசைக் காலால் எத்திவிட்டு வண்டியை எடுத்தான். குலுங்காமல் போனது வண்டி.

சாக்கடையோரம் கிடந்த பழசு, பக்கத்தில் கிடந்த நட்டிடம் சொன்னது: "பெரிய மனசு பண்ணி நான் வழிவிட்டேன். இல்லேன்னா நகர்ந்திருக்குமா?"