மோகனசுந்தரம் ஆற்றிய காபி

முருங்கைக்கீரை ஒடிக்கும் சாக்கில் மதிலோரம் நிற்கிறேன். பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள் யோகப்பிரியாவின் மூக்குக்கண்ணாடியில் லேப்டாப்பின் சிவப்பு எழுத்துகள் மினுங்குகின்றன. அவள் எழுதிய புரோகிராமைப் பழசு புதுசு என்று எல்லா வடிவிலும் சேர்த்துவைக்கும் ‘ரெப்போ’ கெட்டுவிட்டதாம். சாயங்காலம் கம்பெனிக்கு அனுப்பவேண்டிய ஒரு மாத உழைப்பு அதற்குள்தான் இருக்கிறது. அதைச் சரிபார்க்கச் சொல்லி லேப்டாப்பில் திரும்பத் திரும்பத் தட்டுகிறாள். அதே சிவப்புதான் வருகிறது. “பாதி பைலைக் காணமுங்க. நீங்க ஏதாச்சும் தொட்டீங்களா?” குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத அவள் புருஷன் மோகனசுந்தரம், இன்று காபியை ஆற்றோ ஆற்றென்று ஆற்றி நீட்டுகிறான். “நானெதுக்குத் தொடறேன்? காத்தால கரண்டு போயிப் போயி வந்துதல்ல, அதுல போயிருக்கும்.” நேற்று இதே மதிலில் சாய்ந்துகொண்டு, “ரேக்ளா வண்டிப் பந்தய வீடியோ ஏத்த லேப்டாப்புல எடமே இல்லீங்க்கா. வாயில நொழையாத பேருல என்னென்னமோ கெடந்துது, அழிச்சுப்போட்டு ஏத்திட்டேன்” என்று பீற்றியவனும் இவனேதான். யோகப்பிரியா சன்னல் பக்கம் திரும்புகிறாள். “ஏனுங்க்கா, காத்தால உங்கூட்லயும் கரண்டு போச்சுங்களா?” அவள் தலைக்கு மேலாக அவன் கண்கள் என்னைக் கெஞ்சுகின்றன. நான் கீரையைப் பார்க்கிறேன். விடிந்ததிலிருந்து ஒருமுறைகூட நிற்காத என் தோப்பு மோட்டாரின் சத்தம் மூன்று பேர் காதிலும் விழுந்துகொண்டிருக்கிறது.