இரண்டாவது குதிரை

ஏலக்கூடத்தில், நாளைக்கு ஏலத்துக்கு வரும் பழைய இங்கிலாந்துக் குதிரைப் பந்தய ஓவியத்தின் கீழே யூஜினி தரையைத் துடைக்கிறாள். ரொறன்ரோவின் மாலை வெயில், நான்கு காலும் நிலம் தொடாமல் பாயும் இரண்டு குதிரைகளின் மேல் விழுகிறது. இருநூறு வருடமாகக் கறுப்புக் குதிரை ஒரு தலை முந்தி நிற்கிறது. அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் றொபேட், பிக்கரிங்கில் இருந்த சொந்த வீட்டைக் குதிரைப் பந்தயத்தில் தொலைத்தவன், பின்னால் வரும் சாம்பல் குதிரையையே பார்க்கிறான். “எல்லைக்கோடு இன்னும் வரேல்லை. உது முந்தும், பாரும்.” குரலில் பந்தயம் கட்டிய நாட்களின் அதே பழைய வேகம். யூஜினி துணியை வாளிக்குள் முறுக்கிப் பிழிகிறாள். “இருநூறு வருஷமா முந்தேல்லை. வாங்கோ, பஸ் போயிடும்.” அவன் அசையவில்லை. கை மட்டும் தன்பாட்டில் காசு தேடிப் பொக்கெற்றைத் தடவுகிறது.