முப்பத்தொன்றாம் அட்டை

தட்டில் மீன் மிதக்கிறது.

நோட்டிலிருந்து வெட்டியெடுத்த தாளோடு, பச்சைத்தண்ணீரில். வெந்நீர் ஊற்றினால் சாயம் கிளம்பிவிடும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவருக்கும் நிச்சயமில்லை.

அவன் மூச்சைக்கூட மெதுவாக விடுகிறான்.

மீன் என்றால் சும்மா மீன் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை, அதற்குள் கடலையே அடைத்துக்கொண்டு நிற்கிற மீன். அதன் வயிறு கண்ணாடி. வயிற்றுக்குள் ஓர் ஊர். ஊரில் நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள், அத்தனையிலும் விளக்கு. ஐந்தாம் வகுப்பில் எண்ணினான். போன வாரமும் எண்ணினான்.

அதே நூற்றுப் பன்னிரண்டு. அதே பிரமிப்பு.

அந்தக் காலத்தில் ஒரு பபிள்கம் வாங்கினால் ஓர் அட்டை. மொத்தம் நாற்பத்தெட்டு. கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அவனிடம் சேர்ந்தது பத்தொன்பதுதான், ஆனால் அதில் யாருக்குமே கிடைக்காத முப்பத்தொன்றாம் அட்டை, இந்த மீன், இருந்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று பத்து வயதில் ஒரு காரியம் செய்தான். மைதாப் பசை காய்ச்சிப் பத்தொன்பதையும் நோட்டில் ஒட்டினான். அழுத்தி அழுத்தி ஒட்டினான்.

அட்டை சேர்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நெஞ்சில் கை வைப்பார்கள்.

போன மாதம் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் மீனைப் படமெடுத்துப் போட்டான். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. கோவில்பட்டியிலிருந்து பேசுவதாகவும், பெயர் செண்பகவல்லி, பள்ளிக்கூட டீச்சர் என்றும் சொன்னார் ஒரு பெண். அட்டையைத் தர வேண்டாம், விற்க வேண்டாம், பின்பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது? நீல மையில் ஏதோ கிறுக்கல். அவனுக்கு அவ்வளவுதான் ஞாபகம்.

டீச்சர் ஒரு படம் அனுப்பினார். தன்னுடைய நாற்பத்தேழு அட்டைகளையும் கவிழ்த்து, வரிசையாகத் தரையில் பரப்பியிருந்தார்.

கிறுக்கல் இல்லை.

பறவை.

நாற்பத்தேழும் சேர்ந்து ஒரே பறவை. ஒவ்வோர் இறகிலும் ஒரு நாடு. ஆறுகள், கோட்டைகள், மேய்கிற ஆடுகள். சிறகுக்குக் கீழே கடல். அவன் நாகர்கோவில் பஸ் பணிமனையில் டயர் மாட்டுகிறவன். கழற்றிப் போட்ட டயரின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அடேயப்பா என்று வாய்விட்டுச் சொன்னான்.

பறவையின் தலையில் மட்டும் ஓர் அட்டை அளவுக்கு ஓட்டை. அதில் டீச்சர் வீட்டுச் சிவப்புத் தரை தெரிந்தது.

"அண்ணே, இருபத்தாறு வருஷமா இதையே நெனச்சிட்டிருக்கேன். அந்தக் கண்ணு தொறந்திருக்கா, மூடியிருக்கா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார் டீச்சர் போனில்.

ஒட்டிவைத்த கதையைச் சொன்னான். உரிக்கப்போனால் மீன் கிழிந்துவிடும், விட்டுவிடுங்கள் அண்ணே என்றார்.

அவர் கெஞ்சியிருந்தால்கூட மறந்திருப்பான். விட்டுவிடச் சொன்னதுதான் மூன்று வாரமாக அவனைக் குடைந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தட்டை எடுத்துவிட்டான்.

மனைவி அனுசுயா எட்டிப் பார்க்கிறாள். சோற்றுத் தட்டில் அட்டையைக் குளிப்பாட்டுகிற புருஷன் ஊரிலேயே தனக்குத்தான் வாய்த்திருக்கிறான் என்கிறாள். ஆனால் போகிறபோது காற்றாடியை நிறுத்திவிட்டுப் போகிறாள்.

ஓரம் எழும்புகிறது.

பழைய கல்யாணப் பத்திரிகையின் மூலையை அடியில் நுழைக்கிறான். ஒரு நூலளவு தள்ளுகிறான். பசை வழவழக்கிறது. இன்னொரு நூல்.

மீனின் வயிறு சுருங்குகிறது. மூன்று ஜன்னல்கள் உரிந்து தண்ணீரில் போகின்றன.

நூற்றொன்பது.

இப்போது நிறுத்தினாலும் மீன் பிழைத்துக்கொள்ளும்.

நிறுத்தவில்லை.

அட்டை தனியாக வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துத் திருப்புகிறான்.

இமை இருக்கிறது. கண்ணின் வளைவு இருக்கிறது. நடுவில் மட்டும் வெள்ளை.

போச்சு. பசை தின்றுவிட்டது.

நோட்டுத் தாளைப் புரட்டிப் பார்க்கிறான். அதில் ஒரு பொட்டு மைகூட ஒட்டவில்லை. அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்க்கிறான். வெள்ளையைச் சுற்றி முடியளவு மெல்லிய நீல வட்டம், எங்கும் அறுபடவில்லை. உள்ளே தாள் வழவழவென்று அப்படியே இருக்கிறது.

உரியவில்லை. அச்சிடாமல் விட்டிருக்கிறார்கள்.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

சாமி சிலைக்கு எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கண் திறப்பார்கள். இத்தனை நாடுகளையும் ஆடுகளையும் வரைந்த கை, கடைசிப் பொட்டு மையை மட்டும் வைக்காமல் போயிருக்கிறது. நாற்பத்தெட்டையும் ஒன்று சேர்க்கிறவருக்கென்று விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

மேசையில் நீலப் பேனா கிடக்கிறது. கை அதுவாகவே போகிறது. மூடியைக்கூடக் கழற்றிவிட்டான்.

பிறகு மூடிவிட்டு, போனை எடுக்கிறான்.

முதல் மணியிலேயே டீச்சர் எடுக்கிறார்.

"டீச்சர், எல்லா அட்டையையும் தரையில பரப்பி வச்சிருங்க. இது காஞ்சதும் பஸ் ஏறி வாறேன். கண்ண நீங்கதான் தொறக்கணும்."

பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொள்கிறான்.

அனுசுயா தட்டைக் கழுவ எடுக்கிறாள். தண்ணீரைக் கொட்டிவிடாதே என்கிறான்.

அவளும் குனிந்து பார்க்கிறாள். மூன்று ஜன்னல்கள் மிதக்கின்றன. மூன்றிலும் விளக்கு எரிகிறது.