சித்திரை லீவுக்கு ஒரு பெட்டி

சித்திரை லீவுக்கு ஆளுக்கொரு சின்னச் சூட்கேஸ்தான் என்று வினோஜன் கறாராகச் சொல்லிவிட்டான். கிருஷாந்தி கட்டில் நிறையத் துணிகளைப் பரப்பிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“பெரிய பெட்டி கொண்டு போனா என்னங்க?”

“அங்க வைக்க எடமில்ல புள்ள. போன வருசம் பட்டது போதும்.”

அவள் கறுப்புப் பாவாடையை எடுத்தாள். மூன்று சட்டைக்கும் அது ஒன்றே பொருந்தும். சால்வையைத் தோளில் போட்டால் ஒரு அழகு, கழுத்தில் சுற்றினால் வேறொரு அழகு. கடைசியில் பட்டுச்சேலையையும் வைத்தாள்.

“அது எதுக்கு?”

“கொழும்பு ஆளுங்க முன்னால தெனமும் ஒரே துணியில நிக்கச் சொல்றீங்களா?”

வினோஜன் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தான். அவள் சிப்பை இழுத்தாள்.

வாசலில் வான் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கொழும்புக் குடும்பமும் ஏழெட்டுப் பெரிய பெட்டிகளும் இறங்கின.

கிருஷாந்தி சாவியை நீட்டினாள். “அலுமாரியெல்லாம் காலி பண்ணிட்டோம்ங்க. பாத்ரூம்ல சுடுதண்ணி வரும்.”

“சீசன் நேரம் நுவரெலியாவுல முழு வீடு கிடைச்சதே பெரிய விசயம்” என்ற அந்தக் குடும்பத்து அம்மாள், கிருஷாந்தியின் கையிலிருந்த சூட்கேஸைப் பார்த்தாள். “நீங்களும் லீவுக்குப் போறீங்களா? எங்க?”

“கிட்டத்துலதாங்க.”

கிருஷாந்தி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், விறகு அடுக்கும் சின்னக் காம்பரா அறைக்குள் பெட்டியை வைத்துவிட்டுத் தலையை நீட்டினாள்.

“தேத்தண்ணி வேணும்னா ஒரு சத்தம் குடுங்கம்மா, கேக்கும்.”